பெயரும் படமும்
ஏற்காட்டு நிழற்படம் ஒன்றைக் கொண்டு கையொப்பப் படம் அமைக்கும் பாடம்

மடலை எழுதி முடித்தவர் அதன் அடியில் தம் பெயரை இடுகின்றார். அப்பெயர் வெறும் எழுத்தாக நில்லாமல் ஓர் உருவமாகவும் நிற்குமாயின் அதனைக் கையொப்பப் படம் எனலாம். மின்னஞ்சலின் அடியிலும், துறை அழைப்பிதழின் ஓரத்திலும், சுவரிதழின் தலைப்பிலும் இன்று நம் மாணவர் இத்தகைய படங்களை இட்டு வருகின்றனர். கணிப்பொறியில் பத்து நிமிடத்தில் முடிகின்ற வேலை என்று அவர்கள் கருதுவதால், அவற்றுட் பல பத்து நிமிட வேலையாகவே தோற்றமளிக்கின்றன. சில படங்களில் பெயரே பிழையாக நிற்கின்றது. பெயர் பிழைபட்டால் கையொப்பப் படத்தில் எஞ்சுவது யாது?

பெயரை உருவமாக்கும் வழக்கம் கணிப்பொறியோடு தோன்றியதன்று. அதன் பழைய வழிகளைச் சிறிது பார்த்துவிட்டுச் செய்முறைக்கு வருவோம். அவ்வழிகளில் நமக்குப் பயன்படும் நுட்பங்கள் உள்ளன.

மோதிரமும் நாணயமும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்க்கு மடல் விடுக்க எண்ணியபோது, முத்திரையற்ற மடலை அவர்கள் ஏற்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அதன்பின் வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டது. அதில் முஹம்மது, ரசூல், அல்லாஹ் என்னும் மூன்று சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டிருந்தன என்பதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகின்றோம். அதே பொறிப்பை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறித்துக்கொள்ளலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும் நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இத்தடையை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

தமிழகத்தில் சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக் காசு கரூர்ப் பகுதியில் கிடைத்துள்ளது. அதில் மன்னனது தலையுருவமும், அதனை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்தில் அவன் பெயரும் உள்ளன. உருவமும் பெயரும் ஒரே வட்டத்துள் இடம்பெற்ற இக்காசை நம் மண்ணின் பழைய கையொப்பப் படங்களுள் ஒன்றெனக் கூறினால் மிகையாகாது. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையில் புலி நடுவண் அமர, இரு கயலும் வில்லும் உடனிருக்கும். அதாவது தம் அடையாளத்தோடு பாண்டியர், சேரர் அடையாளங்களையும் சேர்த்துத் தம் மேலாண்மையைச் சோழர் படமாகவே சொல்லிவிட்டனர். விசயநகர மன்னரோ வேறொரு வழியை மேற்கொண்டனர். வடமொழியில் நந்திநாகரி எழுத்தில் அமைந்த அவர்தம் செப்பேடுகள் பலவற்றின் இறுதியில் 'ஸ்ரீ விரூபாக்ஷ' என்று கன்னட எழுத்தில் ஒப்பம் காணப்படும். மன்னன் தன் பெயரை எழுதாமல் தன் தெய்வத்தின் பெயரை ஒப்பமாக இட்டான்.

துருக்கியின் உதுமானியப் பேரரசர்கள் 'துக்ரா' என்னும் பெயர்ச் சித்திரத்தைக் கையாண்டனர். அதன் அடியில் அரசர் பெயரும் தந்தை பெயரும் அடுக்கடுக்காகச் செறிந்திருக்கும். இடப்புறம் ஒன்றனுள் ஒன்றாக இரு முட்டை வடிவங்கள் விரியும். மேலே மூன்று செங்குத்துக் கோடுகள் கொடிக்கம்பம் போல எழும். வலப்புறம் இரு கோடுகள் கைபோல நீளும். அரசர் மாறினால் அடியிலுள்ள பெயர் மாறும். புற வடிவம் மாறாது. இதனை வரைவதற்கென்றே 'நிஷாஞ்சி' என்னும் உயர் அலுவலர் அரசவையில் இருந்தார். கண்ணுக்குப் பழகிய வடிவத்தை நிலையாக வைத்து, உள்ளே பெயரை மட்டும் மாற்றுகின்ற இம்முறையை இக்காலத்தார் 'வார்ப்புரு' என்பர்.

ஆனால் என் மதிப்பீட்டில் இவை எல்லாவற்றினும் சிறந்த கையொப்பப் படம் ஹைதர் அலியின் வராகனில் உள்ளது. பொன்னாலான அக்காசு விரல் நகத்தளவே இருக்கும். ஒருபுறம் சிவனும் பார்வதியும் அமர்ந்த, மக்கள் நெடுங்காலமாகக் கண்டு பழகிய உருவம். மறுபுறம் புள்ளிகள் நிறைந்த பரப்பின் நடுவே ஹைதர் என்னும் பெயரின் முதலெழுத்தாகிய அரபு 'ஹா' மட்டும் நிற்கும். பட்டமில்லை, ஊரில்லை, புகழ்மொழியில்லை. ஓர் எழுத்தே போதுமென்று அம்மன்னர் துணிந்தார். 1782இல் அவர் மறைந்தபின் மைந்தர் திப்பு சுல்தானும் தம் காசுகளில் தந்தையின் அவ்வெழுத்தை விடாது வைத்திருந்தார்.

திப்புவுக்கெனத் தனிச் சித்திரமும் இருந்தது. 'அசதுல்லாஹில் காலிப்' எனப்படும் தொடரை, அஃதாவது இறைவனின் சிங்கமே வெல்வது என்னும் பொருளுடையதை, ஒருபாதி நேராகவும் மறுபாதி கண்ணாடிப் பிம்பமாகவும் எழுதி, இரண்டும் சேருமிடத்தில் புலிமுகம் தோன்றுமாறு அமைத்திருந்தனர். இறைவனின் சிங்கம் என்பது அலி (ரலி) அவர்களுக்கு வழங்கும் சிறப்புப் பெயர். ஹைதர் என்னும் சொல்லுக்கும் சிங்கமென்பதே பொருள். ஆகவே அம்முகத்தில் தந்தையின் பெயரும் மறைவாக அமைந்திருத்தல் காண்க.

சேலமும் பாராமகாலும் அவர்கள் ஆட்சியிலேயே இருந்தன. 1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி அவை கிழக்கிந்தியக் குழும்பின் கைக்கு மாறின. அதன்பின் கேப்டன் அலெக்சாந்தர் ரீடு ஆட்சிப் பொறுப்பேற்றார். 1820களில் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பர். நம் செய்முறைக்கு எடுத்துக்கொள்ளும் நிழற்படம் அம்மலையில் எடுத்ததே.

தலைச்சோலைப் பக்கத்துப் படம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகின்றோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். தலைச்சோலைப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நின்று காலை வேளையில் ஒரு படம் எடுத்ததாகக் கொள்வோம். இடப்புறம் சவுக்கை ஒத்து நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரமொன்று. அதன்மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கின்றது. வலப்புறம் பனிமூட்டம். கீழே காப்பிச் செடிகளின் கரும்பசுமை.

கருவியைப் பற்றி இரு வரிகள். தாமஸ் நால், ஜான் நால் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அதில் 'அடுக்கு' என்னும் வசதி 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. பெர்க்லியில் பயின்ற இரு மாணவர் 1995இல் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. மாணவர்க்கு நான் பரிந்துரைப்பது பின்னதையே. திருட்டுப் படியில் பழகிய கை, பின்னர் வேலைக்குச் சென்ற இடத்திலும் அதையே தேடும்.

முதலில் மூலப் படத்திற்கு ஒரு படி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். படத்தின் அளவு 4,000க்கு 3,000 படப்புள்ளிகள் என்க. கையொப்பப் படம் நீண்ட பட்டை வடிவினது. நான்குக்கு ஒன்று என்னும் விகிதம் கண்ணுக்கு இனியது. எனவே 4,000க்கு 1,000 என்னும் பட்டையை வெட்டியெடுக்கின்றோம். எந்தப் பட்டையை? இங்கேதான் பலர் தவறுகின்றனர். அழகிய பகுதி எதுவோ அதனை நடுவில் வைத்து, அதன் மேலேயே பெயரை எழுதுகின்றனர். இலைகளின் மேல் எழுதிய எழுத்து இலைகளோடு கலந்து மறையும். மரம் இடக்கோடியிலும், பனி வலப்புறம் முழுவதிலும் அமையுமாறு வெட்டினால், பனியே பெயருக்குத் தாளாகிவிடும். படத்தில் ஒன்றுமில்லாத இடத்தைத் தேடி எடுப்பதே இவ்வேலையில் பாதி.

வெட்டிய பட்டையை உடனே 600க்கு 150 என்று சுருக்கிவிடுதல் கூடாது. திரைக்கு அவ்வளவு போதும். அச்சுக்குப் போதாது. அச்சில் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 600 புள்ளிகள் கொண்ட படம் அச்சில் இரண்டு அங்குல அகலமே தாங்கும். அதனை ஆறு அங்குலத்திற்கு இழுத்து மலரில் அச்சிட்டால் ஓரங்கள் படிக்கட்டுகளாக நிற்கும். ஆண்டு மலர் வேலையில் இருப்போர் ஒவ்வோர் ஆண்டும் காண்பது இது: கட்டுரையாளர் அனுப்பும் படங்களுட் பல, மின்னஞ்சலிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ எடுத்த சிறு படங்களாகவே வந்து சேர்கின்றன. ஆகவே 2,400க்கு 600 என்னும் அளவில் வேலை செய்து முடித்து, அதிலிருந்து திரைக்குரிய சிறு படியை எடுத்துக்கொள்க. பெரியதிலிருந்து சிறியதைப் பெறலாம். சிறியதிலிருந்து பெரியதைப் பெற முடியாது.

அடுத்து ஒளியளவு. பனிப் படத்தின் ஒளி வரைபடத்தைத் திறந்து பார்த்தால், மேடு முழுவதும் நடுவில் குவிந்து, இருபுறமும் வெறுமையாக இருக்கும். கருமைக் குறியையும் வெண்மைக் குறியையும் மேட்டின் விளிம்புவரை இழுத்தால் படம் 'பளிச்'சென்று ஆகும் என்று பாடநூல்கள் சொல்லும். ஆகத்தான் செய்யும், ஆனால் பனி போய்விடும். ஏற்காட்டிற்குப் போய்ப் பனியைத் துடைத்துவிட்டு வருவதில் என்ன பயன்? கருமைக் குறியை மட்டும் சிறிது உள்ளே தள்ளினால் மரத்தின் தண்டு உறுதிபெறும். வெண்மையை விட்டுவிடுக.

எழுத்து

இனிப் பெயர். இதுவே இப்பாடத்தின் உயிர்ப்பகுதி.

படத்தின்மேல் நேரடியாக எழுதாமல், எழுத்துக்கெனத் தனி அடுக்கு ஒன்றைத் திறந்துகொள்ள வேண்டும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து நோக்குவதை ஒத்தது அடுக்கு முறை. அடியில் நிழற்படம், அதன்மேல் மெல்லிய வண்ணத் திரை, அதன்மேல் பெயர். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது.

தமிழ்ப் பெயரைத் தட்டெழுதும்போது நேரும் இடர் பலர் அறிந்ததே. 'செய்யது' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறி முறையில் கணிப்பொறி இதனைச் சகரம், பின் ஒற்றைக்கொம்பு, பின் யகரம் என்னும் வரிசையில் சேமிக்கின்றது. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதி மென்பொருளில் இருந்தால் கொம்பு சகரத்தின் முன் சென்று நிற்கும். அப்பகுதி இல்லாத பழைய பதிப்புகளில் கொம்பு சேமித்த இடத்திலேயே நின்று, அடுத்த யகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். படிப்பவர் 'சயெ' என்று தடுமாறுவார். 'மொய்தீன்' என்பதில் கொம்பும் காலும் மகரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்பதற்கு மாறாக, இரண்டும் அதன் பின்னால் குவிந்துவிடும். அரபு எழுத்துக்கும் இதே நிலைதான்: சேர்ந்து நடக்க வேண்டிய எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டியது இடமிருந்து வலமாகச் செல்லும். தமிழும் அரபும் ஒரே இடத்தில் இடறுவதால் மருந்தும் ஒன்றே.

ஓய்வுபெறும் பெரியவர் ஒருவர்க்கு அளித்த நினைவுப் பரிசில் அவர் பெயர் இவ்வாறு சிதைந்து நின்றதை நான் நேரில் கண்டேன். மேடையில் அவர் அதனை இரு கைகளாலும் வாங்கி, பெயரின்மேல் ஒரு விரலை வைத்துச் சிறிது நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாற்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவர் அவர். செய்தவர் எவரும் தீய எண்ணத்தால் செய்யவில்லை. அச்சிடுமுன் எழுத்தறிந்த ஒருவர் பார்க்கவில்லை, அவ்வளவே.

இவ்விடரைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. கிம்ப் போன்ற மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரியாகவே கோக்கின்றன. போட்டோஷாப்பின் பிற்காலப் பதிப்புகளிலும் தென்னாசிய எழுத்துகளுக்குரிய தேர்வை அமைப்புப் பகுதியில் இயக்கிக்கொள்ளலாம். இரண்டாவது வழி, அச்சகத்தார் இன்றும் கைவிடாத பழைய எழுத்துருக்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த 'தாப்', 'தாம்' போன்ற குறிமுறைகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்படுவதால் கொம்பு இடம் மாறுவதில்லை. அவற்றில் எழுதிய பனுவலைப் பிற இடங்களில் தேடவோ படிக்கவோ இயலாது என்பது குறைதான். ஆயினும் எழுத்து படமாகிவிட்டபின் குறிமுறை எதுவாக இருந்தால் என்ன?

மூன்றாவது வழியை நான் மிக விரும்புவேன். அது கை. வெண்தாளில் கருமையால் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். சன்னலோர வெளிச்சத்தில், நிழல் விழாமல் அதனைப் படமெடுங்கள். கணிப்பொறியில் நிறத்தை நீக்கி, தாள் முழுவெண்மையாகவும் மை முழுக்கருமையாகவும் ஆகுமாறு ஒளியளவைத் திருத்துங்கள். பின் அதனை நிழற்படத்தின்மேல் ஓர் அடுக்காக வைத்து, அடுக்கின் கலப்பு முறையைப் 'பெருக்கல்' என மாற்றுங்கள். வெண்மை மறைந்து எழுத்து மட்டும் பனியின்மேல் நிற்கும். மாயமில்லை, கணக்கே: ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையுள்ள எண், மேலடுக்கின் எண்ணையும் கீழடுக்கின் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கின்றது மென்பொருள். வெண்மையின் எண் 255. ஆதலால் கீழுள்ள படம் மாறாது வருகின்றது. கருமையின் எண் 0. எதனோடு பெருக்கினும் கருமையே. இம்முறையில் கொம்பும் காலும் இடம் மாற வழியேயில்லை. ஹ, ஷ, ஜ, ஸ ஆகிய எழுத்துகள் சில எழுத்துருக்களில் பிற எழுத்துகளோடு ஒட்டாமல் மெலிந்து நிற்கும். கையால் எழுதினால் அக்குறையும் இல்லை.

ஒன்றை மறவற்க. படத்தைச் சுருக்கும்போது முதலில் மறைவது புள்ளி. 'ஜமால்' என்று எழுதியது 'ஜமால' என்றாகிவிடும். பழைய ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிடாமலே எழுதினர். ஓலை கிழியும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. நமக்கு அவ்வச்சமில்லை. புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே இட்டு, சுருக்கியபின் ஒருமுறை சரிபார்த்து, தேவையாயின் கூர்மையேற்றலைச் சிறிதளவு இயக்குக. கூர்மையேற்றம் சுருக்கத்திற்குப் பின்னரே வரவேண்டும். முன்னர்ச் செய்தால் வீண்.

மற்றொரு சோதனையும் உண்டு. மலரின் உட்பக்கங்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் அச்சாகின்றன. காப்பிப் பசுமையின்மேல் செந்நிறத்தால் எழுதிய பெயர் திரையில் ஒளிரும். கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகி மறையும். முடிக்குமுன் நிறத்தை நீக்கிப் பார்த்து, அப்போதும் பெயர் தெரிகின்றதா என்று அறிந்துகொள்க.

எதனை இடலாம், எதனை இடலாகாது

மடலின் தலையில் 786 என்றெழுதும் வழக்கம் நம் மக்களிடையே உண்டு. அது தக்கதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அதற்குள் நான் புகவில்லை. ஆனால் இறைமறை வசனங்களையும் திருநாமங்களையும் கையொப்பப் படத்தில் இடும் மாணவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அழைப்பிதழ் நாளை குப்பைக்குப் போகும். வடை மடிக்கும் தாளாகவும் ஆகும். திரையில் அப்படத்தைப் பிறர் பாதியாக வெட்டுவர். பெரியோர் இதனால் வருந்துவது நியாயமே. மலையும் மரமும் பனியும் தாமே போதுமானவை.

இனி, நாயகம் (ஸல்) அவர்களின் மோதிரத்தைப் பற்றி முன்னர்க் குறித்த தடைக்கு வருவோம். ஒரே பொறிப்பு இருவர் கையில் இருந்தால் மடல் யாருடையது என்று அறிய வழியில்லை. இன்று நம் மாணவர் வங்கியிலும் தேர்வு விண்ணப்பத்திலும் இடுகின்ற அதே கையொப்பத்தைப் படமெடுத்து, பின்புலம் நீக்கி, அழகான பட்டையாக்கி எல்லோர்க்கும் அனுப்புகின்றனர். மேலே 'பெருக்கல்' முறையை விளக்கினேன். உங்கள் ஒப்பத்தை வேறொருவர் எந்தத் தாளின் படத்தின்மேலும் அதே முறையால் அரை நிமிடத்தில் பதித்துவிடலாம். ஆதலால் கையொப்பப் படத்திற்குரிய எழுத்து வேறாகவும், சட்டத்திற்குரிய ஒப்பம் வேறாகவும் இருத்தல் வேண்டும். படத்தில் பெயரைத் தெளிவாக, பிரித்து எழுதுங்கள். ஒப்பத்தின் சுழிகளை அதில் காட்டாதீர்கள்.

கையொப்பத்தின் படத்தை ஆவணத்தில் ஒட்டிவிட்டால் அது மின்கையொப்பமாகிவிடும் என்னும் தவறான எண்ணமும் பரவியுள்ளது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்ற இலக்கமுறைக் கையொப்பம் ஓர் உருவமே அன்று. ஒன்றோடொன்று இணைந்த இரு திறவுகோல் எண்களைக் கொண்டு கணக்கிடப்படுவது அது; ஒன்றை உரியவர் மறைவாக வைத்துக்கொள்வார், மற்றொன்று எல்லோர்க்கும் வெளிப்படை. ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் வெளிப்பட்டுவிடும். படத்திற்கு அவ்வாற்றல் இல்லை.

சேமிப்பைப் பற்றிச் சில சொற்கள். அடுக்குகள் கலையாத மூலக் கோப்பை அந்தந்த மென்பொருளின் சொந்த வடிவில் வைத்துக்கொள்க. நிழற்படம் உள்ள பட்டையை ஜேபெக் வடிவிலும், எழுத்து மட்டுமே உள்ளதை, அல்லது பின்புலம் ஊடுருவித் தெரிய வேண்டியதை, பிங் வடிவிலும் வெளியிடலாம். ஜேபெக் கோப்பைத் திறந்து திறந்து மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தரம் குறையும். திருத்தம் எதுவாயினும் மூலக் கோப்பிலேயே செய்க. படத்தின் கீழே பெயரைச் சாதாரண எழுத்திலும் ஒருமுறை எழுதிவிடுங்கள். பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் படிப்பான் மென்பொருள் எழுத்தையே படிக்கும். படத்திலுள்ள பெயர் அதன் காதில் விழாது போகலாம்.

பயிற்சி

ஒரே நிழற்படத்தைக் கொண்டு இரு பட்டைகள் செய்க. ஒன்றில் முழுப்பெயரைக் கையால் எழுதிப் பதிக்க. மற்றொன்றில் ஹைதரைப் போலப் பெயரின் முதலெழுத்தை மட்டும் இடுக. இரண்டையும் இரண்டு அங்குல அகலத்தில் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, துறையின் அறிவிப்புப் பலகையில் அருகருகே ஒட்டி, உங்களை அறியாத வகுப்பு மாணவர் ஒருவரை ஆறடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொல்லுக. அவர் எங்கே தடுமாறுகின்றாரோ அவ்விடத்தைத் திருத்தி மறுநாள் மீண்டும் ஒட்டுக.